உங்க வாடகையை ஹவுஸ் ஓனர் மட்டும் முடிவு பண்றதில்லை: மினியாபோலிஸ் சொல்லித்தரும் கணக்கு



சம்பளம் கிரெடிட் ஆனதும் உங்க அக்கவுன்ட்டிலிருந்து வெளியே போகிற முதல் பெரிய தொகை எது? வாடகைக்கு இருக்கிற யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். ஓடிடி சந்தாவைக் குறைக்கலாமா, வெளியே சாப்பிடுவதைக் குறைக்கலாமா என்று மணிக்கணக்கில் யோசிக்கிறோம். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை விழுங்குகிற வாடகையை மட்டும் தலைவிதி மாதிரி ஏத்துக்கிறோம். "வருஷத்துக்கு வருஷம் ஏறத்தான் செய்யும், என்ன பண்றது?"

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒரே விஷயம். உங்க வாடகை எவ்வளவு ஏறும் என்பதை வீட்டுக்காரரின் மனசை விட, உங்க ஊரில் எத்தனை வீடு கட்ட அனுமதி இருக்கு என்பதுதான் அதிகமா முடிவு பண்ணுது. அந்த அனுமதியைத் தீர்மானிக்கிற கூட்டத்தில் உங்களை மாதிரி ஆட்கள் இருப்பதே இல்லை. இதைப் புரிஞ்சுக்க அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதியில் இருக்கும் ஒரு ஊரைப் பார்க்கப் போறோம்: மினசோட்டா மாநிலத்தின் மினியாபோலிஸ்.

ஏன் அவ்வளவு தூரம் போகணும்? காரணம் இருக்கு. மிசிசிப்பி ஆற்றங்கரையில் மினியாபோலிஸும் செயின்ட் பாலும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒட்டி இருக்கு. ஒரே குளிர், ஒரே வேலைச் சந்தை. ஆனா சில வருஷ இடைவெளியில் இரண்டு ஊரும் வீட்டு விஷயத்தில் வேற வேற முடிவு எடுத்தாங்க. நிஜ வாழ்க்கையில் இப்படி ஒப்பிட்டுப் பார்க்கிற வாய்ப்பு அபூர்வம். நம்ம ஊர் ஐ.டி. ஆட்களும் அங்கே கணிசமா இருக்காங்க. அவர்களுக்கு இது நேரடி வீட்டுக் கணக்கு.

சுருங்கி, திரும்பவும் வளர்ந்த ஊர்

மினியாபோலிஸ் ஒரு காலத்தில் மாவு ஆலைகளின் ஊர். 1950 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5,21,718. அப்புறம் நெடுஞ்சாலைகள் வந்தன, புறநகர்கள் வளர்ந்தன, வசதியானவர்கள் ஊரை விட்டு வெளியே போனாங்க. 1990-ல் 3,68,383 பேர்தான் மிச்சம். 2010-லும் 3,82,578-ல்தான் நின்றது. அடுத்த பத்தே வருஷத்தில் 4,29,954 ஆனது. அதாவது பத்து வருஷத்தில் 47,000 பேருக்கு மேல் கூடுதல்.

ஊரைச் சுற்றிப் பார்த்தால் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும். நார்த் லூப் பகுதியின் பழைய சரக்குக் கிடங்குகள் அப்பார்ட்மென்ட்களாக மாறின. 2004-ல் முதல் இலகு ரயில் பாதையான புளூ லைன் வந்தது. 2014-ல் இரண்டு ஊர்களின் மையத்தையும் இணைக்கும் கிரீன் லைன் வந்தது. பள்ளத்தில் ஓடிய பழைய ரயில் பாதை ஒன்று, மிட்டவுன் கிரீன்வே என்ற சைக்கிள் பாதையானது. லேக் ஸ்ட்ரீட்டில் மூடிக்கிடந்த பெரிய சியர்ஸ் கட்டடத்தில் வீடுகளும், 2006-ல் பல நாட்டுச் சாப்பாட்டுக் கடைகள் கொண்ட ஒரு சந்தையும் வந்தன.

சரி, ஆட்கள் திரும்பி வர்றாங்க. எங்கே தங்குவாங்க? இங்கேதான் சிக்கல். ஊரில் குடியிருப்புக்கான நிலத்தில் சுமார் 70 சதவீதத்தில் ஒரு மனைக்கு ஒரு தனி வீடு மட்டும்தான் கட்டலாம் என்று அப்போ இருந்தது. எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று சொல்கிற நகராட்சி விதிக்கு 'ஸோனிங்' என்று பெயர். நிலம் உங்களுடையதா இருந்தாலும், மாடியில் இன்னொரு குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டிவிட உங்களால் முடியாது என்பதுதான் அப்போதைய நிலை.

இந்த விதிக்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறும் இருக்கு. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் 'மேப்பிங் பிரெஜுடிஸ்' என்ற ஆய்வுத் திட்டம் பழைய பத்திரங்களைத் தோண்டி எடுத்தது. 1910-லிருந்து, வெள்ளையர் அல்லாதவருக்கு இந்த வீட்டை விற்கக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது என்ற நிபந்தனை ஆயிரக்கணக்கான பத்திரங்களில் எழுதப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றம் மூலம் அமல்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-ல் சொன்னது. 1968-ல் கூட்டாட்சிச் சட்டம் வீட்டு விஷயத்தில் இனப் பாகுபாட்டையே தடை செய்தது. ஸோனிங் விதியில் இனம் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. ஆனா பெரிய மனையில் தனி வீடு மட்டும்தான் என்று சொல்லிட்டா, அதை வாங்க வசதியில்லாதவர் தானாகவே வெளியே நிற்கணும். கதவில் போர்டு இல்லை, அவ்வளவுதான்.

2018: பன்னிரண்டுக்கு ஒன்று

2018 டிசம்பரில் மினியாபோலிஸ் நகர மன்றம் '2040 திட்டம்' என்ற வளர்ச்சித் திட்டத்துக்கு 12-1 என்ற கணக்கில் ஒப்புதல் கொடுத்தது. தனி வீடு மட்டும் என்ற விதியை ஊர் முழுக்க நீக்கிய முதல் பெரிய அமெரிக்க நகரம் இதுதான். 2020 ஜனவரியில் திட்டம் அமலுக்கு வந்தது.

இது சும்மா நடக்கவில்லை. முதல் வரைவில் ஒரு மனையில் நான்கு வீடு வரை கட்டலாம் என்று இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றாகக் குறைத்தாங்க. "எங்க ஏரியாவை புல்டோசர் வச்சு இடிக்காதீங்க" என்ற மாதிரி பலகைகள் வீட்டு வாசல்களில் முளைத்தன. இன்னொரு பக்கம் 'நெய்பர்ஸ் ஃபார் மோர் நெய்பர்ஸ்' என்ற குடிமக்கள் குழு, இன்னும் நிறைய பக்கத்து வீட்டுக்காரர்கள் வேணும் என்று பிரசாரம் பண்ணியது. அப்புறம் சுற்றுச்சூழல் சட்டத்தைக் காட்டி வழக்கு. 2023-ல் நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தச் சொன்னது. 2024-ல் மாநிலச் சட்டமன்றம் தலையிட்டு, இந்த வகை வழக்கிலிருந்து இப்படிப்பட்ட திட்டங்களுக்கு விலக்கு கொடுத்தது.

இப்போ ஒரு சுவாரஸ்யம். இவ்வளவு சண்டை போட்ட அந்த மூன்று வீட்டுக் கட்டடங்கள் உண்மையில் மிகக் குறைவாகத்தான் கட்டப்பட்டன. புது வீடுகளில் பெரும்பங்கு வந்தது வேற வழியில். பஸ், ரயில் ஓடும் பெரிய சாலைகளின் ஓரத்தில் உயரமான அப்பார்ட்மென்ட்களுக்கு இடம் கொடுத்தாங்க. கூடவே பார்க்கிங் விதியைத் தளர்த்தினாங்க.

அது என்ன பார்க்கிங் விதி? ஒரு வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்த இடம் கட்டாயம் என்று முன்பு இருந்தது. அடுக்கு மாடி பார்க்கிங்கில் ஒரு கார் நிற்கும் இடம் கட்டவே பல ஆயிரம் டாலர் ஆகும். அந்தக் காசை பில்டர் தன் பாக்கெட்டிலிருந்து போடுவாரா? உங்க வாடகையில்தான் சேரும், உங்ககிட்ட காரே இல்லைன்னாலும். மினியாபோலிஸ் 2015-ல் ரயில், பஸ் வசதி உள்ள பகுதிகளில் இந்தக் கட்டாயத்தைக் குறைத்தது. 2021-ல் ஊர் முழுக்க எடுத்தே விட்டது. பார்க்கிங் கட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எவ்வளவு தேவையோ அவ்வளவு கட்டிக்கோங்க என்று விட்டுட்டாங்க.

பலன்? பியூ ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2017-லிருந்து 2022 வரை மினியாபோலிஸில் வீடுகளின் எண்ணிக்கை 12 சதவீதம் கூடியது, வாடகை வெறும் 1 சதவீதம் ஏறியது. அதே காலத்தில் மினசோட்டாவின் மற்ற பகுதிகளில் வீடுகள் 4 சதவீதம் கூடின, வாடகை 14 சதவீதம் ஏறியது.

சதவீதமா சொன்னா உறைக்காது, பணமா மாத்துவோம். உதாரணத்துக்கு மாச வாடகை 1,500 டாலர் என்று வச்சுக்கோங்க. 1 சதவீதம் ஏறினா 1,515. 14 சதவீதம் ஏறினா 1,710. வித்தியாசம் மாசம் 195 டாலர், வருஷத்துக்கு 2,340 டாலர். அந்த 195 டாலரை மாசா மாசம் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டு, வருஷத்துக்கு 7 சதவீதம் கிடைக்குதுன்னு எடுத்துக்கிட்டா, பத்து வருஷத்தில் சுமார் 33,700 டாலர் சேரும். உங்க எஸ்.ஐ.பி. ஸ்டேட்மென்ட்டில் வரவேண்டிய காசு ஒரு நகர மன்ற ஓட்டெடுப்பில் வருது அல்லது போகுது. அதனால்தான் இதைப் பணம் பற்றிய பக்கத்தில் எழுதறேன்.

நேர்மையா இன்னொன்றும் சொல்லணும். இந்த 1 சதவீதத்துக்கு முழுப் பெருமையையும் விதி மாற்றத்துக்குக் கொடுக்க முடியாது. நடுவில் கொரோனா வந்தது. 2020 மே மாதம் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலை, அதைத் தொடர்ந்த போராட்டங்களும் சேதங்களும் நடந்தன. ஆபீஸ்கள் காலியாகின. ஊரின் மையத்தில் வீடு தேடுபவர்களும் கொஞ்சம் குறைந்தாங்க. தேவை குறைந்ததும் ஒரு காரணம்தான். ஆனா புது வீடுகள் வரலைன்னா இந்தக் கணக்கு இவ்வளவு நல்லா இருந்திருக்காது என்பதற்கு சாட்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கு.

செயின்ட் பால் எடுத்த வேறு வழி

2021 நவம்பரில் செயின்ட் பால் மக்கள் வாடகைக் கட்டுப்பாட்டுக்கு ஓட்டுப் போட்டாங்க. வருஷத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் வாடகை ஏத்தக்கூடாது. கேட்கவே இனிமையா இருக்கு இல்லையா? வாடகை கட்டுகிற யாரா இருந்தாலும் கைதட்டத் தோணும்.

ஆனா விதியை ரொம்பவே இறுக்கமா எழுதிட்டாங்க. புதுசா கட்டுகிற வீட்டுக்கும் அதே வரம்பு. குடியிருந்தவர் காலி பண்ணிட்டுப் போய் புதுசா ஒருத்தர் வந்தாலும் அதே வரம்பு. அடுத்த சில மாதங்களில் வீடு கட்ட அனுமதி கேட்பது, முந்தைய வருஷத்தின் அதே மாதங்களோடு ஒப்பிட்டால் 80 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. 2011-ல் மூடிய ஃபோர்டு கார் தொழிற்சாலையின் 122 ஏக்கரில் சுமார் 3,800 வீடுகளோடு ஒரு புதுக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. அங்கேயும் சில திட்டங்களை நிறுத்தி வச்சாங்க. கென்னத் ஆஹர்ன், மார்கோ ஜியாகோலெட்டி என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள், இந்த விதியால் அந்த ஊரின் சொத்து மதிப்பு 6 முதல் 7 சதவீதம் வரை குறைந்ததாகக் கணக்கிட்டாங்க.

அப்புறம் நகர மன்றமே பின்வாங்கியது. 2022-ல் புதுக் கட்டடங்களுக்கு 20 வருஷ விலக்கு. 2025-ல், 2004-க்குப் பிறகு கட்டியவற்றுக்கு நிரந்தர விலக்கு.

வாடகைக் கட்டுப்பாடு கேட்டவங்களை நான் குறை சொல்லமாட்டேன். ஏற்கனவே குடியிருக்கும் ஒரு வயசான தம்பதிக்கு, பிள்ளைகளைப் பக்கத்து ஸ்கூலில் சேர்த்த ஒரு அம்மாவுக்கு, அந்த 3 சதவீதம் பெரிய நிம்மதி. ஆனா அந்த நிம்மதிக்கான பில் யார் கைக்குப் போகுது? இன்னும் ஊருக்கு வராதவர் கைக்கு. முதல் வேலை கிடைத்து, இரண்டு பெட்டியோடு வந்து இறங்கப்போகிற 23 வயசுப் பையனோ பொண்ணோதான் அது. அவருக்கான வீடு கட்டப்படவே இல்லை. கட்டப்படாத வீட்டில் வாடகை எவ்வளவுன்னு யாரும் புகார் பண்ண முடியாது.

"ஏரியா கெட்டுப்போயிடும்"

புது அப்பார்ட்மென்ட்டை எதிர்க்கிற வீட்டுக்காரர்கள் எல்லாரும் சுயநலக்காரர்கள் என்று சொல்வதும் தப்பு. நிழல் விழும், மரம் போகும், தெருவில் கார் நிறுத்த இடமிருக்காது, பழைய கடை காலியாகும் என்ற பயம் நியாயமானது. அதோடு அவங்க வாழ்நாள் சேமிப்பே அந்த வீடுதான். பக்கத்தில் வீடுகள் அதிகமானா விலை ஏறாதோ என்ற கவலை வரும். சும்மா சொல்லாதீங்க, ஹோம் லோன் போட்டு வீடு வாங்கிய மறுநாளே நீங்களும் நானும் இந்தப் பக்கம் சாய்வோம்.

ஆனா ஒரு ஏரியாவை எது உண்மையில் கெடுக்கும்? இரட்டை நகரங்களே பதில் சொல்லுது. செயின்ட் பாலில் ரோண்டோ என்று கறுப்பின மக்களின் உயிர்ப்பான குடியிருப்பு ஒன்று இருந்தது. 1950-60களில் ஐ-94 நெடுஞ்சாலையை அதன் நடுவே போட்டாங்க. வீடும் கடையும் போச்சு, தலைமுறைச் சேமிப்பும் போச்சு. மினியாபோலிஸில் 1970களில் ஒரு கே-மார்ட் கடைக்கும் அதன் பார்க்கிங்குக்கும் இடம் விட்டு, நிக்கோலெட் அவென்யூ என்ற முக்கியத் தெருவையே லேக் ஸ்ட்ரீட் அருகே அடைச்சாங்க. நாற்பது வருஷத்துக்கு மேல் எல்லாரும் சுற்றித்தான் போனாங்க. 2023-ல் அந்தக் கட்டடத்தை இடித்தாங்க. தெருவைத் திரும்ப இணைப்பதுதான் இப்போ திட்டம்.

இரண்டுக்கும் அந்தக் காலத்தில் 'வளர்ச்சி' என்றுதான் பெயர். அதனால் வளர்ச்சி வேணுமா வேண்டாமா என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. அது ஆட்களைக் கொண்டுவருதா, துரத்துதா என்று கேளுங்க. முக்குக் கடை பிழைக்க நடந்து வருகிற வாடிக்கையாளர் வேணும். பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வர, ஏற ஆள் வேணும். கட்டடத்தை அப்படியே வச்சுக்கிட்டு வாடகையை ஏறவிட்டா, முதலில் காலி பண்றது ஸ்கூல் டீச்சர், ஆஸ்பத்திரி ஊழியர், கடைசியில் அதே தெருவில் வளர்ந்த பிள்ளைகள். வாசல் அழகா இருக்கும், உள்ளே இருக்கிறவங்க மாறியிருப்பாங்க.

அதேசமயம் பில்டர் கட்டினா எல்லாம் சரியாயிடும் என்றும் நம்ப வேண்டாம். புது அப்பார்ட்மென்ட் எப்பவும் மேல்தட்டு வாடகையில்தான் திறக்கும். ரொம்பக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசுப் பணம்தான் கைகொடுக்கணும். மினியாபோலிஸும் 2019-ல் வீடில்லாத பள்ளிப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு வாடகை உதவி செய்யும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வீடு கட்ட விடுவதும் வேணும், உதவியும் வேணும்.

உங்க பர்ஸுக்கு இதிலிருந்து என்ன?

முதலாவது, வீடு வாங்கும் பதற்றத்தைக் குறைங்க. "இப்போ வாங்கலைன்னா எப்பவுமே முடியாது" என்ற பயம், வீடு கட்ட விடாத ஊர்களில்தான் உண்மையாகுது. நிறைய கட்டுகிற ஊரில் வாடகைக்கு இருப்பது காசை வீணாக்குவது ஆகாது. வாங்கும் முன் அந்த ஏரியாவில் எத்தனை வீடுகள் கட்டுமானத்தில் இருக்கு என்று பாருங்க.

இரண்டாவது, பற்றாக்குறையை நம்பி முதலீட்டுக்கு வீடு வாங்காதீங்க. ஸோனிங் விதியோ வாடகை விதியோ ஒரே ஓட்டெடுப்பில் மாறும். செயின்ட் பால் வீட்டுக்காரர்களைக் கேட்டா தெரியும்.

மூன்றாவது, வாடகையைத் தனியா பார்க்காதீங்க, போக்குவரத்தோடு கூட்டிப் பாருங்க. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ.வின் 2024 கணக்குப்படி ஒரு புதுக் கார் வச்சிருக்க வருஷத்துக்கு 12,297 டாலர் ஆகுது. மாசம் ஆயிரம் டாலருக்கு மேல்! ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 300 டாலர் கூடுதல் வாடகை கொடுத்து, கார் இல்லாம சமாளிக்க முடிஞ்சா அதுதான் லாபம்.

நான்காவது, இதுதான் முக்கியம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். வார நாள் சாயங்காலம் நடக்கும் நகராட்சிக் கூட்டத்துக்கு யார் வருவாங்க? வீடு வச்சிருக்கிறவர், நேரம் இருக்கிறவர். வாடகைக்காரர் ஆபீஸில் இருப்பார், அடுத்த வருஷம் வேற ஏரியாவுக்கே போயிடுவார். நீங்க ஓட்டுப்போட முடியாத விசாவில் அங்கே இருந்தாலும், பெரும்பாலான பொதுக் கருத்துக் கேட்புகளில் பேசலாம், மெயில் அனுப்பலாம். கிரெடிட் கார்டு ரிவார்டு பாயின்ட்டுக்காக நாம செலவழிக்கிற நேரத்தில் பாதியை இதுக்குக் கொடுத்தா போதும்.

உங்க ஏரியாவில் புதுசா ஒரு அப்பார்ட்மென்ட் வருதுன்னா உங்க முதல் ரியாக்‌ஷன் என்ன? வாடகைக்கு இருப்பவரா, சொந்த வீட்டுக்காரரா என்பதையும் சேர்த்து கமெண்ட்டில் எழுதுங்க. இரண்டு பக்கமும் வந்தாதான் பேச்சு சூடு பிடிக்கும். அடுத்த வீடியோவில் வாடகையா, சொந்த வீடா என்ற கணக்கை எக்ஸெல் ஷீட்டோடு போட்டுப் பார்ப்போம்.